மணி அடித்தால் வருவது யார்?

தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில் இருபுறமும் தொங்கும் கடைப் பலகைகளை நிதானமாக வாசித்துக்கொண்டு போகிறவர்களுக்கு, இப்புறநகர்வாசிகளின் மனத்தில் குடிகொண்டிருக்கும் இரண்டு பெரிய கவலைகள் எவை என்பது வேறு எவரும் சொல்லாமலே விளங்கிவிடும். நகை வாங்குவது எப்படி என்பது ஒன்று. வாங்கிய நகையைப் பறிகொடுக்காமல் இருப்பது எப்படி என்பது மற்றொன்று. முன்னதற்கு நகைக்கடைகளும் சேமிப்புச் சீட்டுகளும் வழி சொல்லுகின்றன. பின்னதற்கு, நான்கு கேமராவும் ஒரு பதிவுப் பெட்டியும் பொருத்துகூலியோடு சேர்த்து இன்ன விலை என்று விளம்பரம் செய்யும் கடைகள் வழி சொல்லுகின்றன. சேலையூர், செம்பாக்கம், ராஜகீழ்ப்பாக்கம், மேடவாக்கம் என்று உள்ளே செல்லச் செல்ல, புதிதாகக் கட்டிக் கிருகப் பிரவேசம் முடித்த வீடுகளில், வாசல் நிலைக்கு மேலே கண் திருஷ்டிப் பொம்மையும் அதற்குப் பக்கத்தில் ஒரு கேமராவும் ஏகோபித்துத் தெருவைப் பார்த்துக்கொண்டிருப்பதைக் காணலாம்.

இவ்விரண்டில் எது அதிகப் பலனளிக்கிறது என்று ஆராய்வது என் நோக்கமன்று. நவீன சாதனங்களை இகழ்வதும் என் நோக்கமன்று. அவை மிகவும் பிரயோஜனமானவை என்றும், நடுத்தரக் குடும்பத்தின் சக்திக்கு உட்பட்ட விலையில் அவை கிடைப்பது பெரிய சௌகரியம் என்றும் கருதுகிறவன் நான். ஆயினும், ஒரு கருவி வாங்கிப் பொருத்தியதோடு வீட்டின் பந்தோபஸ்து நிறைவேறிவிட்டது என்று எண்ணிக் குடும்பத்தோடு ஊருக்குப் புறப்பட்டுவிடுகிற மனோபாவம் இருக்கிறதே, அதைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்லவேண்டியிருக்கிறது. கருவி பார்க்கும், பதிவு செய்யும், கூவும், நம்முடைய கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். அதற்கு மேல் அதனால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. அது கூவுகின்ற அந்த நள்ளிரவில் கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்து பார்ப்பவர் யார் என்ற கேள்விக்கு விடை இல்லாத வீடு, எத்தனை கேமராக்கள் இருந்தாலும் காவலற்ற வீடுதான்.

திருடனின் பக்கத்திலிருந்து இவ்விஷயத்தைப் பார்ப்பது நலம். சிலப்பதிகாரத்தில், கோவலனைக் கண்டு இவன் கள்வனாகத் தோன்றவில்லையே என்று தயங்கி நின்ற காவலர்களுக்கு, பொற்கொல்லன் களவு நூலின் சாரத்தை உபதேசம் செய்கிறான். கள்வர்க்குத் துணையாவன எட்டு என்று அவன் அடுக்கும் பட்டியலில் மந்திரமும் தெய்வமும் மருந்தும் முதலில் வருகின்றன; இறுதியில் இடம், காலம், கருவி என்னும் மூன்றும் வருகின்றன. உபதேசம் செய்தவனே அரண்மனைச் சிலம்பைத் திருடியவன் என்பதனால், இப்பட்டியலுக்கு ஒரு நிபுணனின் வாக்குமூலத்திற்குரிய மதிப்பு உண்டு. மந்திரமும் மருந்தும் காலப்போக்கில் வழக்கொழிந்து போயிருக்கலாம். கடைசி மூன்றும் இன்றளவும் அப்படியே நிற்கின்றன. நாம் கடையில் வாங்கி மாட்டுகிற சாதனங்களெல்லாம் பெரும்பாலும் அவனுடைய கருவிக்கு எதிராகச் செய்யப்பட்டவை. இடத்தையும் காலத்தையும் அவனுக்கு யார் கொடுக்கிறார்கள் என்றால், நாமே கொடுக்கிறோம்.

எவ்வாறு கொடுக்கிறோம் என்று சற்று விவரமாகவே சொல்லலாம். மடிப்பாக்கத்திலோ முடிச்சூரிலோ ஒரு தெருவில் காலை ஏழு மணிக்கு நடந்துபோகிற எவரும், எந்த வீட்டில் ஆள் இல்லை என்பதை அரை நிமிஷத்தில் சொல்லிவிட முடியும். மற்ற வாசல்களிலெல்லாம் கோலம் இருக்க, ஒரு வாசலில் மட்டும் நேற்றைய கோலம் கலைந்து கிடக்கும். வாயிற்கதவின் கம்பிகளுக்கிடையே இரண்டு மூன்று நாட் பத்திரிகைகள் செருகியிருக்கும். இரவு எரியவேண்டிய விளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருக்கும். எல்லாவற்றிற்கும் சிகரமாக, வெளிக்கதவில் ஒரு பெரிய பூட்டு தொங்கிக்கொண்டிருக்கும். உள்ளே ஆளில்லை என்பதை வீதிக்கு அறிவிக்கும் விளம்பரப் பலகையாகவே அப்பூட்டு வேலை செய்கிறது. இவ்வளவும் போதாதென்று, குலதெய்வக் கோயிலில் எடுத்த படத்தை அன்றைக்கே வாட்ஸப்பிலும் முகநூலிலும் போட்டு, நாங்கள் நானூறு மைலுக்கு அப்பால் இருக்கிறோம் என்று உலகத்துக்குத் தெரிவித்துவிடுகிறோம். சாவியையோ, செருப்பு அலமாரியிலும் மீட்டர் பெட்டியின் மேலும் துளசி மாடத்தின் அடியிலும் வைத்துவிட்டு, அவ்விடங்கள் நமக்கு மட்டுமே தோன்றிய அபூர்வ யுக்திகள் என்று நம்புகிறோம்.

காலத்தைப் பற்றியும் ஒரு மாறுதல் நேர்ந்திருக்கிறது. வீடு புகுந்து திருடுவதற்குச் சட்டம் விதிக்கும் தண்டனையில் பகலுக்கும் இரவுக்கும் பேதம் உண்டு. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இருந்த அந்தப் பேதம், 2024 ஜூலை முதல் தேதியிலிருந்து அமலில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதையிலும் தொடர்கிறது. திருடும் நோக்கத்தோடு பகலில் வீட்டை உடைத்துப் புகுந்தவனுக்குப் பத்து ஆண்டு வரையிலும், இரவில் புகுந்தவனுக்குப் பதினான்கு ஆண்டு வரையிலும் சிறை என்று அதன் 331-ஆம் பிரிவு கூறுகிறது. இரவில் மனிதன் உறக்கத்தில் நிராதரவாக இருக்கிறான் என்ற நியாயம் அதற்குப் பின்னால் இருக்கலாம். ஆனால் நம் புறநகரின் ஸ்திதி தலைகீழாகிவிட்டது. 1931-இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயில் ஓடத் தொடங்கிய நாளில், அலுவலகம் போகிறவர் வீட்டுக்கு ஒருவர்தான். பாட்டியும் குழந்தைகளும் திண்ணையும் பகல் முழுவதும் வீட்டைக் காத்தன. இன்றோ கணவர் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கணினி நிறுவனத்துக்கும், மனைவி சானடோரியத்துக்கு அருகில் உள்ள ஏற்றுமதி வளாகத்துக்கும், குழந்தைகள் பள்ளிக்கும் சென்றுவிட, காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை தெருத் தெருவாக வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. இரவில் ஆள் இருக்கிற வீடு பகலில் இல்லை. பத்து ஆண்டுத் தண்டனைக்குரிய நேரமே திருடனுக்கு இப்போது அதிக வசதியானது.

இனிக் கருவிக்கு வருவோம். சூத்ரகரின் மிருச்சகடிக நாடகத்தில் வருகிற சர்விலகன் என்னும் திருடன், சுவரில் எந்த வடிவத்தில் கன்னம் வைத்தால் அழகாயிருக்கும் என்று யோசித்துத் தன் பூணூலையே அளவு கயிறாகக் கொள்ளுகிற கலைஞன். மதுரைக்காஞ்சியில் வருகிற கள்வர்களும் கல்லையும் மரத்தையும் அறுக்கும் வாளோடும், இடையில் சுற்றிய நூலேணியோடும் வருகிறவர்கள். நம் காலத்துத் திருடனுக்கு அவ்வளவு சாஸ்திரஞானம் தேவைப்படவில்லை. ஒரு கடப்பாரை போதும். பூட்டைத் திறப்பது எப்படி என்று அவன் ஆராய்வதேயில்லை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டையே நீங்கள் வாங்கி மாட்டினாலும், பூட்டு அசையாது நிற்க, அது மாட்டப்பட்டிருக்கும் கொண்டி நான்கு சிறிய திருகாணிகளோடு பெயர்ந்து வந்துவிடும். லட்சக்கணக்கில் செலவிட்டுத் தேக்கில் கடைந்தெடுத்த தலைவாசல் கதவுக்கு அரை அங்குலத் திருகாணியில் தாழ்ப்பாள் பொருத்துகிற விந்தையைப் புதுவீடுகளில் சாதாரணமாகக் காணலாம். அதைவிடப் பெரிய விந்தை, முன்வாசலுக்கு இரும்புக் கிரில்லும் மூன்று பூட்டும் போட்டுவிட்டு, கொல்லைப்புறக் கதவையும் மொட்டைமாடிக் கதவையும் ஒட்டுப்பலகையில் விட்டுவைப்பது.

ஆகையால் செலவு செய்ய நினைப்பவர் கேமராக் கடைக்குப் போகுமுன் தச்சரைக் கூப்பிடுவதே உத்தமம். கதவுக்குள்ளேயே பதிந்து, நிலையின் மரத்துக்குள் வெகு ஆழம் நீளும் நாக்குகளையுடைய பூட்டு, வெளியே தொங்கும் பூட்டைக் காட்டிலும் இரு வழிகளில் மேலானது: அதை நெம்புவது கடினம் என்பதோடு, வீட்டில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்பதையும் அது தெருவுக்குச் சொல்லாது. விரல்ரேகை வைத்தால் திறக்கும் மின்னணுப் பூட்டுகள் இப்போது பரவிவருகின்றன. பாட்டரி தீர்ந்தால் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் வழியும், கைச்சாவி போடும் வழியும் உண்டா என்று கேட்டு வாங்குவோருக்கு அவை நல்ல சௌகரியமே. ஆனால் நிலை இற்றுப்போயிருந்தால் எந்தப் பூட்டும் காக்காது.

கேமராவைப் பற்றி நம்மிடையே இருக்கும் பிரமை சற்றுப் பெரியது. முகம் தெரியும்படி ஆள் உயரத்துக்குச் சற்று மேலே வைக்கவேண்டியதை, எட்டாத உயரத்தில் வைத்தால்தான் பத்திரம் என்று கூரையடியில் வைத்துவிட, தொப்பி அணிந்த ஓர் உச்சந்தலை மட்டும் அதில் பதிவாகிறது. அதுவாவது மிஞ்சுகிறதா என்றால் அதுவும் நிச்சயமில்லை. பதிவுப் பெட்டி தொலைக்காட்சிக்குக் கீழே எல்லோரும் காணும்படி வைக்கப்பட்டிருப்பதால், பீரோவை உடைத்தவன் போகிறபோக்கில் அதையும் கழற்றி எடுத்துக்கொண்டு போய்விடுகிறான். கேமராவின் ஹார்ட் டிஸ்க்கையும் தூக்கிச் சென்றனர் என்ற வாக்கியம் நம் பத்திரிகைச் செய்திகளில் எத்தனை முறை வந்துவிட்டது! பதிவின் ஒரு பிரதி இணையத்தின் வழியாக வேறிடத்தில் சேமிக்கப்படுமாறு செய்வதும், பெட்டியைப் பரண்மேலோ பூட்டிய அலமாரியிலோ மறைப்பதும் அதிகச் செலவில்லாத காரியங்கள்.

உண்மையில் கேமராவைவிடச் சாமர்த்தியமானவை, கடைக்காரர் அதிகம் விளம்பரம் செய்யாத இரண்டு சிறு சாதனங்கள். ஒன்று, கதவில் ஒரு காந்தமும் நிலையில் ஒரு சிறிய சுவிட்சும் வைத்து, இரண்டும் விலகிய அந்தக் கணத்திலேயே தகவல் அனுப்புவது. மற்றொன்று, உடலின் வெப்பம் நகர்வதை உணர்ந்து அறைக்குள் ஆள் நடமாடுவதைத் தெரிவிப்பது. கேமரா நடந்ததைச் சொல்லுகிறது. இவை நடக்கும்போதே சொல்லுகின்றன. இரண்டாவது சாதனத்துக்கு நம் ஊரில் ஒரு விசேஷமான சத்துரு உண்டு. அது பல்லி. சாதனத்தின் முகப்பில் பல்லி ஊர்ந்தால் அச்சாதனத்துக்கு அது ஆள் நடமாட்டமாகவே தோன்றக்கூடும். வாசல் கேமராக்களுக்கோ முருங்கைக்கிளையும் தெருப்பூனையும் மழைத்தாரையும் போதும், இரவெல்லாம் எச்சரிக்கை அனுப்பிக்கொண்டேயிருக்கும். முதல் வாரம் எழுந்து எழுந்து பார்க்கிற வீட்டுக்காரர், மூன்றாம் வாரத்தில் அந்தச் சப்தத்தை நிறுத்திவைத்துவிட்டு நிம்மதியாக உறங்குகிறார். இது நம் சோம்பலால் மட்டும் வருவதன்று. அமெரிக்காவில் வீட்டு எச்சரிக்கை மணிகளுக்காகப் போலீஸார் ஓடிய ஓட்டத்தில் மிகப் பெரும்பகுதி வீண் ஓட்டமாக முடிந்ததனால், சால்ட் லேக் நகரம் 2000-ஆம் ஆண்டிலேயே, யாராவது நேரில் பார்த்து உறுதி செய்யாத மணிக்குப் போலீஸ் வராது என்று விதி செய்துவிட்டது.

மின்சாரத்தின் சங்கதி வேறு. 2015 டிசம்பரில் அடையாறு கரை புரண்டு முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கியபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தென்புறநகரின் பல பகுதிகள் நாட்கணக்கில் இருளில் கிடந்தபோதும், ஜனங்கள் வீடுகளைப் பூட்டிக்கொண்டு படகிலும் தோளிலும் வெளியேறினார்கள். வீடுகள் ஒருசேரக் காலியாகிற அந்த வேளையில்தான் மின்சாரமும், வைஃபையும், கைப்பேசிக் கோபுரமும் ஒருசேரப் போய்விடுகின்றன. மதுரைக்காஞ்சி பாடிய மாங்குடி மருதனார், தெருவில் மழைநீர் திரண்டோடுகிற நடுநிசியிலும் தளராமல் சுற்றிவருகிற ஊர்காவலரைப் பற்றிச் சொல்லுகிறார். அந்தப் பாண்டிய நாட்டுக் காவலர்களுக்கு இருந்த இந்த ஒரு யோக்கியதை நம் கேமராக்களுக்கு இல்லை. இன்வெர்ட்டரிலிருந்து கேமராவுக்கு மட்டும் இணைப்புக் கொடுத்து, வைஃபை பெட்டிக்குக் கொடுக்க மறந்துவிடுவது சாதாரணம்; அதையும் சேர்த்துக் கொடுத்து, சிம் அட்டை வழியாகவும் பேசக்கூடிய சாதனமாக வாங்கினால் ஓரளவு தாங்கும். பெரு வெள்ளத்தில் அதுவும் தாங்காது.

இன்னொன்று, கடவுச்சொல். 2016 அக்டோபரில் மிராய் என்ற தீநிரல், வாங்கியபோது இருந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களிலும் பதிவுப் பெட்டிகளிலும் புகுந்து, அவற்றைப் பெரும்படையாகத் திரட்டி, அமெரிக்காவின் பிரபல இணையதளங்கள் பலவற்றை ஒரு நாள் ஸ்தம்பிக்கச் செய்தது. வீட்டைப் பார்த்துக்கொள்ளுவதற்காக நாம் வைத்த கண், எவனோ ஒருவன் நம் வீட்டைப் பார்ப்பதற்கு உதவாமல் இருக்கவேண்டுமானால், பொருத்த வந்தவர் போட்டுவிட்டுப் போன கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றிவிடவேண்டும். அக்கண் அண்டை வீட்டு ஜன்னலைப் பார்க்கும்படி இருந்தால், திருடனைப் பிடிக்காவிட்டாலும் தெருச்சண்டையை நிச்சயம் பிடித்துத் தரும்.

இந்தச் சாதனங்களின் பிறப்பே நம் கேள்விக்கு ஒரு சாட்சி. நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற கறுப்பினத் தாதி, தாமும் மின்னணுத் தொழிலரான கணவரும் அகால வேளைகளில் வேலைக்குப் போய்வரவேண்டியிருந்ததால், தனியே இருக்கும் நேரத்தில் கதவைத் தட்டுகிறவர் யார் என்று படுக்கையறையிலிருந்தே திரையில் பார்க்கவும், பேசவும், தேவைப்பட்டால் பொத்தானை அழுத்தி உதவி கோரவும் ஓர் ஏற்பாட்டை வகுத்தார். 1969-இல் அவ்விருவருக்கும் அதற்கான காப்புரிமை கிடைத்தது. இன்றைய வாசல் கேமராக்களுக்கெல்லாம் மூலம் அதுவே. அவர் அதைச் செய்ததற்குக் காரணம், அப்பகுதியில் போலீஸைக் கூப்பிட்டால் உரிய நேரத்தில் வந்து சேர்வதில்லை என்பதுதான். வருகிறவர் இல்லாத குறையை நிரப்பப் பிறந்த கருவியை வாங்கி மாட்டிவிட்டு, வருகிறவரைப் பற்றி யோசிக்காமலே இருந்துவிடுகிறோம் நாம்.

நம் மண்ணில் இந்த வருகிறவர் ஒரு காலத்தில் ஊரோடு ஒப்பந்தம் செய்துகொண்டவராக இருந்தார். சோழர் கல்வெட்டுகளில் பாடிகாவல் என்ற வரி பேசப்படுகிறது. பிற்காலத்தில் தலையாரி, காவல்காரர் என்று வழங்கிய ஊழியர்கள், களவு போன பொருளைக் கண்டுபிடித்துக் கொடுக்கவேண்டும், தவறினால் ஈடு கட்டவேண்டும் என்ற பொறுப்பையும் ஏற்றிருந்தார்கள். தாம்பரத்தை உள்ளடக்கிய செங்கற்பட்டுச் சீமையிலும் காவலுக்காகப் பாளையக்காரர்கள் விளைச்சலில் பங்கு பெற்றுவந்தார்கள். அம்முறையில் காவல் கொடுக்காத ஊரில் காவல்காரரே களவு செய்விக்கிற அக்கிரமமும் இருந்தது. அதைத் திருப்பிக் கொண்டுவரவேண்டும் என்று எவரும் விரும்பமாட்டார்கள். 1859-இல் சென்னை மாகாணப் போலீஸ் சட்டம் பிறந்து, சம்பளம் வாங்கும் காவலர்கள் வந்தார்கள். ஈடு கட்டும் பொறுப்பு மட்டும் எவரிடமும் போய்ச் சேராமல் நடுவில் நின்றுவிட்டது.

தென்புறநகரின் காவல் நிர்வாகமும் அடிக்கடி கைமாறிய ஒன்று. 2008-இல் சென்னைப் புறநகருக்கென்று தனிக் காவல் ஆணையரகம் ஏற்பட்டு, 2011-இல் மீண்டும் நகரத்தோடு இணைந்தது. அப்புறநகர் ஆணையராக இருந்த எஸ்.ஆர்.ஜாங்கிட், அதற்கு முன், நெடுஞ்சாலையோர வீடுகளில் புகுந்து கொன்றும் கொள்ளையிட்டும் வந்த வடநாட்டுக் கும்பலை, 2005 ஜனவரியில் கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் சுதர்சனம் தம் வீட்டிலேயே கொல்லப்பட்டதற்குப் பிறகு, விரல்ரேகைகளைத் துணைக்கொண்டு வடமாநிலங்கள் வரை தேடிச் சென்று பிடித்த தனிப்படையின் தலைவர். பின்னாளில் அது திரைப்படமும் ஆயிற்று. அக்கதையில் நான் கவனிக்கும் அம்சம், வழக்கைத் துலக்கியது சம்பவ இடத்தில் கலையாமல் கிடைத்த ரேகைகள் என்பதே. திருட்டு நடந்த வீட்டுக்குள் உறவினரும் அக்கம்பக்கத்தாரும் கும்பலாக நுழைந்து, திறந்து கிடக்கும் பீரோவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துப் பரிதாபப்படுகிற நம் வழக்கம், போலீஸாருக்கு மிஞ்சியிருக்கும் ஒரே சாட்சியத்தையும் துடைத்துவிடுகிறது. 2022 முதல் நாடு முழுவதற்குமான விரல்ரேகைத் தொகுப்பு கணினியில் இயங்கிவரும் நிலையில், பீரோவைத் தொடாமல் நிற்கும் பொறுமைக்கு முன்னைவிட மதிப்பு அதிகம். கூடவே ஒன்று சொல்லவேண்டும். கும்பலைப் பிடித்தால் அதன் சாதிப் பெயராலேயே அதை அழைப்பதும், வேலை தேடி வந்த வெளிமாநிலத் தொழிலாளர் எவரையும் சந்தேகக்கண் கொண்டு பார்ப்பதும், 1871-ஆம் ஆண்டின் குற்றப்பரம்பரைச் சட்டத்தைப் புத்தகத்தில் ஒழித்துவிட்டு மனத்தில் வைத்துக்கொண்டிருப்பதற்குச் சமானம்.

2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என்னும் ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்துத் தாம்பரம் மாநகராட்சி உண்டாயிற்று. 2022 ஜனவரி முதல் தேதி தாம்பரம் காவல் ஆணையரகமும் இயங்கத் தொடங்கியது. பெயரும் எல்லையும் வந்துவிட்டன. ஆனால் வண்டலூரையும் ஊரப்பாக்கத்தையும் தாண்டி மனைப்பிரிவுகள் பெருகுகிற வேகத்துக்கு ஈடாக ரோந்து வண்டிகள் பெருக முடியாது என்பது ஆணையர் எவராயிருந்தாலும் மாறாத விஷயம். பத்து மனைக்கு ஒரு வீடு, நடுவே முட்செடி, பெயர்ப்பலகை இல்லாத குறுக்குத்தெரு என்று இருக்கும் இடத்துக்கு, நூற்றுப் பன்னிரண்டுக்குப் பேசி வழி சொல்லி முடிப்பதற்குள் திருடன் பெருங்களத்தூரில் பஸ் ஏறியிருப்பான். முதலில் வந்து சேரக்கூடியவர் எதிர்வீட்டுக்காரர்தான். அவருடைய பெயரே நமக்குத் தெரியாது என்பதுதான் நம் புறநகரின் உண்மையான பலவீனம்.

இங்கிலாந்தில் ராச்டேல் நகரத்தைச் சேர்ந்த கிர்க்ஹோல்ட் என்ற குடியிருப்பில் 1980-களின் நடுவில் ஒரு பரீட்சை நடந்தது. ஒருமுறை திருட்டுப்போன வீட்டுக்கே மறுபடியும் திருடன் வருகிறான் என்பதைக் கண்டவர்கள், அவ்வீட்டின் கதவு ஜன்னல்களைப் பலப்படுத்தி, வீட்டிலேயே காசு சேர்ந்து கிடக்கும்படி இருந்த மின்மீட்டர்களை அகற்றி, சுற்றியுள்ள ஐந்தாறு வீட்டாரை மட்டும் அழைத்து, இந்த ஒரு வீட்டைக் கவனித்துக்கொள்ளுங்கள் என்று பொறுப்பு ஒப்படைத்தார்கள். திருட்டு வெகுவாகக் குறைந்தது. ஊர் முழுவதையும் காக்கச் சொன்னால் எவரும் காக்கமாட்டார். எதிர்வீட்டைக் காக்கச் சொன்னால் காப்பார். சிட்லப்பாக்கத்தார் தம் ஏரிக்காகச் சங்கம் கூட்டி ஆண்டுக்கணக்கில் போராடியவர்கள். ஏரிக்குச் செலவிட்ட அந்த ஊக்கத்தில் நூற்றில் ஒரு பங்கை, ஐந்து வீட்டுக்கு ஒரு குழு என்று பிரித்துக்கொள்வதில் எந்தக் குடியிருப்போர் நலச்சங்கமும் செலவிடலாம். வீட்டுக் கருவியின் எச்சரிக்கை நம் கைப்பேசிக்கு மட்டுமன்றி, அக்குழுவில் இருவர் கைப்பேசிக்கும் போகும்படி செய்வது, அநேக சாதனங்களில் இரண்டு நிமிஷ வேலை. ஊரில் இல்லாத நாட்களில் வாசலில் ஒரு கோலமும், பத்திரிகையை எடுத்துவைக்க ஒரு கையும் அக்குழுவிடமிருந்தே கிடைக்கும். ஆனால் குழுவினர் விளக்கைப் போட்டுக் குரல் கொடுப்பதோடும் போலீஸுக்குத் தெரிவிப்பதோடும் நிற்கவேண்டும். தடியெடுத்துக்கொண்டு போகிற வீரம் வேண்டாம். அதில் உயிரிழந்தவர்களும், நிரபராதியை அடித்துக் கைதானவர்களும் உண்டு.

பொருளைப் பற்றியும் கண்டிப்பாகச் சொல்லவேண்டியிருக்கிறது. 2025-இல் பவுன் எண்பதாயிரம் ரூபாயைத் தாண்டிவிட்ட நிலையில், இருபது பவுன் நகையை இரும்பு பீரோவில் புடவைகளுக்கு அடியில் வைத்திருப்பவர், பல வருஷச் சம்பாத்தியத்தைத் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். தாழ்ப்பாள் எவ்வளவு உறுதியானாலும், எடுத்துப்போக ஒன்றுமில்லாத வீடே சுகமாக உறங்கத்தக்க வீடு. வங்கிப் பெட்டகத்தைப் பொறுத்தவரை, ரிசர்வ் வங்கி 2022 ஜனவரி முதல் அமலாக்கிய விதிகளின்படி, திருட்டு, கொள்ளை, தீவிபத்து, ஊழியர் மோசடி ஆகியவற்றால் நஷ்டம் வந்தால், பெட்டகத்தின் ஆண்டு வாடகையைப்போல் நூறு மடங்கு வரையில் வங்கியின் பொறுப்பு. நகையின் மதிப்புக்கு அது ஈடாகாது என்பதைத் தெரிந்துகொண்டே வைக்கவேண்டும். வீட்டுக் காப்பீட்டிலும் ஒரு மயக்கம் இருக்கிறது. பாரத் கிருஹ ரக்ஷா என்ற பொதுவான பாலிசி, தீயும் வெள்ளமும் போன்ற ஆபத்துகளுக்கானது. அப்படியோர் ஆபத்தை ஒட்டி ஏழு நாட்களுக்குள் நடக்கும் திருட்டு அதில் சேரும். ஊருக்குப் போயிருக்கையில் பூட்டை உடைத்துத் திருடினால், அதற்கென்று தனியே காப்பீடு எடுத்திருந்தால்தான் பணம் கிடைக்கும். இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருந்து, இல்லை என்று பின்னால் தெரிந்துகொள்வது இரண்டாவது திருட்டு.

வெளியூர் செல்பவர்கள் அருகிலுள்ள நிலையத்தில் தெரிவித்துவிட்டுச் செல்லும்படி ஒவ்வொரு பண்டிகைக்கும் காவல்துறை கேட்டுக்கொள்கிறது. சொல்லிச் செல்பவர்கள் சொற்பம். நிலையத்தின் படி ஏற நமக்குத் தயக்கம். எழுதிக்கொடுத்தால் ஆளில்லாத வீடுகளின் பட்டியல் எவர் கையிலோ சேர்ந்துவிடுமோ என்ற சந்தேகமும் சிலருக்கு உண்டு. இச்சந்தேகத்தைப் போக்கவேண்டிய கடமை காவல்துறையினுடையது. ஆந்திரப் பிரதேசத்தில், பூட்டிச் செல்லும் வீட்டைக் கைப்பேசி வழியாகப் பதிவு செய்தால், போலீஸாரே வந்து அசைவை உணரும் கேமரா ஒன்றை அவ்வீட்டுக்குள் தற்காலிகமாக வைத்துப்போகிறார்கள். உள்ளே ஆள் நடமாடினால் எச்சரிக்கை நேரே கட்டுப்பாட்டு அறையில் ஒலிக்கிறது. அங்கே கருவியும் வருகிறவரும் ஒரே ஏற்பாட்டின் இரு அங்கங்கள். தாம்பரம் ஆணையரகம் அடுத்த கோடை விடுமுறைக்குள் சேலையூர், பீர்க்கன்காரணை போன்ற இரண்டொரு நிலைய எல்லைகளிலாவது அப்படியொரு ஏற்பாட்டைத் தொடங்கிப் பார்க்கவேண்டும். பதிவு செய்த வீட்டை எந்த இரவில் எத்தனை மணிக்கு ரோந்துக் காவலர் வந்து பார்த்தார் என்பது வீட்டுக்காரருக்குக் குறுஞ்செய்தியாகப் போகவேண்டும். நலச்சங்கங்கள் தங்கள் அடுத்த கூட்டத்தில் இதைத் தீர்மானமாக எழுதி ஆணையருக்கு அனுப்புமாறு கேட்டுக்கொள்கிறேன்.